எறும்பின் ரணசிகிச்சையும் ஆஸ்பத்திரிப் புண்ணும்

எறும்பைப் பற்றி விவசாயிகளுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். வரப்பில் புற்று வைப்பதும், விதைத்த எள்ளை இழுத்துச் செல்வதும், மழைக்கு முன் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதும் நாம் சிறு வயது முதல் கண்டவையே. ஆயினும், அடிபட்டு வந்த எறும்பின் காயத்தை மற்றோர் எறும்பு சுத்தம் செய்து, மருந்திட்டு, தேவையானால் காலையே துண்டித்து உயிரைக் காக்கிறது என்று ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் நாம் பேச்சுவாக்கில் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எறும்புக்கே இவ்வளவு தெரியும் என்றால் ஆஸ்பத்திரியில் நமக்கு ஏன் புண் சீழ் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. நேரம் போதாமையால் அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறோம்.

கறையான் வேட்டையில் காயமுற்றோர்

ஆப்பிரிக்காவில் சஹாராப் பாலைவனத்துக்குத் தெற்கே மடபெலே எறும்பு என்ற ஓர் இனம் உண்டு. உருவில் பெரியது; நிறம் கறுப்பு. அதன் உணவு கறையான் ஒன்றே. நாள்தோறும் இரண்டு மூன்று தடவை, இருநூறு முதல் அறுநூறு எறும்புகள் வரை படை திரண்டு, வரிசையாகச் சென்று கறையான்கள் மேயும் இடத்தைத் தாக்கும். கறையான்களிலும் போர்வீரர் உண்டு. அவற்றின் கொடுக்கு போன்ற தாடைகள் எறும்பின் கால்களைக் கத்தரித்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேட்டையிலும் கால் இழந்தவையும், கடித்த கறையான் உடம்பில் தொங்கத் தள்ளாடுபவையும் சில இருக்கும்.

எரிக் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் ஐவரி கோஸ்ட் நாட்டின் கொமோயே தேசியப் பூங்காவில் இவ்வெறும்புகளைப் பல ஆண்டுகள் கவனித்தனர். 2017ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முதல் செய்தி இது: காயமுற்ற எறும்பு ஒருவித வாசனையை வெளிவிடுகிறது, அதை உணர்ந்த தோழர்கள் அதைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குத் திரும்புகின்றன. தூக்கிச் செல்லாமல் தனியே நடக்கவிட்டால் காயமுற்றவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே மடிகின்றன. பெரும்பாலும் சிலந்திக்கு இரையாகின்றன. தூக்கிச் செல்லப்பட்டவையோ சில நாட்களில், சில சமயம் மறுநாளே, நான்கு கால்களுடன் ஓடப் பழகி மீண்டும் வேட்டைக்குப் புறப்பட்டுவிடுகின்றன.

புற்றினுள் நடப்பது என்ன என்பதே நமக்கு அதிகம் தேவையான விஷயம். விஞ்ஞானிகள் கண்ணாடி மூடிய புற்றுகளை அமைத்துப் பார்த்தார்கள். காயமுற்ற காலை ஒரு தோழன் தன் முன்கால்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெட்டுவாயில் வாய் வைத்து நிமிஷக்கணக்கில் நக்கிச் சுத்தம் செய்கிறது. இது வெறும் பழக்கமா, பயனுள்ள சிகிச்சையா என்று எவ்வாறு தெரிந்துகொள்வது? இதற்கு அவர்கள் செய்த சோதனை மிகவும் எளியது. நம் ஊர்களில் உரப் பரீட்சைக்குப் பாத்தி பிரித்துச் செய்வதைப் போன்றது. காயமுற்ற எறும்புகளை மூன்று பிரிவாக்கினர். முதற் பிரிவை எவ்விதக் கவனிப்பும் இல்லாமல் மண்ணில் தனியே விட்டனர். 24 மணி நேரத்தில் 100க்கு 80 மடிந்தன. இரண்டாம் பிரிவைத் தோழர்களுடன் ஒரு மணி நேரம் மட்டும் இருக்கவிட்டுப் பிறகு பிரித்தனர். 100க்கு 10தான் மடிந்தன. மூன்றாம் பிரிவுக்குக் கவனிப்பு இல்லை. ஆனால் கிருமி நீக்கிய சுத்தமான இடத்தில் வைத்தனர். 100க்கு 20 மடிந்தன.

மூன்றாம் பிரிவின் கணக்கை வாசகர்கள் ஒரு முறை நிதானித்துப் பார்க்க வேண்டும். காயம் ஒன்றேதான், இரத்த நஷ்டமும் ஒன்றேதான். சுத்தமான இடத்தில் விட்டவுடன் சாவு எண்பதிலிருந்து இருபதாகக் குறைந்தது. ஆகவே அவற்றைக் கொன்றது வெட்டுப்பட்ட காயமன்று; வெட்டுவாய் வழியாகப் புகுந்த கிருமியே. தோல் என்பது வயலைச் சுற்றிய வேலி. வேலியில் திறப்பு உண்டானால் ஆடு நுழையத்தான் செய்யும். ஆட்டைத் திட்டிப் பயனில்லை. திறப்பை அடைப்பதும், அதுவரை ஆட்டைத் தூரத்தே வைப்பதும்தான் காரியம். மனிதனுக்குச் செய்யும் ஆபரேஷன் எதுவாயினும், டாக்டர் நன்மைக்காகவே உண்டாக்கிய வேலித் திறப்புதான் அது.

2023இல் இதே குழுவினர் மேலும் ஒரு படி சென்றார்கள். காயத்தில் கிருமி பற்றினால் அவ்வெறும்பின் உடல்மேல் உள்ள மெழுகுப் பூச்சின் சேர்க்கை மாறுகிறது. இதனைக் கொண்டு தோழர்கள் சீழ்ப் புண்ணையும் சாதாரணப் புண்ணையும் வேறு பிரித்து அறிகின்றன. சீழ்ப் புண் என்றால் வெறுமனே நக்குவதோடு நிறுத்துவதில்லை. தங்கள் மார்பின் பக்கவாட்டில் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து திரவத்தை எடுத்துக் காயத்தில் தடவுகின்றன. அத்திரவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கலந்துள்ளன. அவற்றில் ஏறக்குறைய பாதி கிருமியைத் தடுப்பவை அல்லது புண்ணை ஆற்றுபவை. இம்மருந்து கிடைத்த கூட்டத்தில் சாவு பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. இச்சோதனையில் பயன்பட்ட கிருமியின் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது. மனிதருடைய ஆஸ்பத்திரிகளில் கை கழுவும் தொட்டியின் ஈரத்தில் குடியிருந்து, தீப்புண் பட்டவரையும் செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவரையும் தாக்கி, பல மருந்துகளுக்கு அடங்காமல் டாக்டர்களைத் திணறச் செய்வதும் இதே கிருமிதான்.

காலைத் துண்டிக்கும் வைத்தியர்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் உளுத்த மரத்தில் கூடு கட்டும் செம்பழுப்பு எறும்பு ஒன்று இருக்கிறது. நம் கட்டெறும்புக்கு உறவு. மேற்சொன்ன மருந்துச் சுரப்பி இதற்கு இல்லை. மருந்துப் பெட்டி இல்லாத வைத்தியர் என்ன செய்வார்? 2024இல் வெளியான ஆராய்ச்சி இக்கேள்விக்கு விடை கூறியது.

எறும்பின் காலில் தொடைப் பகுதி, கணைப் பகுதி என்று இரண்டு உண்டு. தொடையில் காயமானால் தோழன் முதலில் காயத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது. பிறகு மெல்ல மேலே நகர்ந்து, கால் உடலோடு சேரும் மூட்டைக் கடித்துக் கடித்து, முழுக் காலையும் துண்டித்து எடுத்துவிடுகிறது. இதற்குக் குறைந்தது 40 நிமிஷம் ஆகும். காயமுற்ற எறும்பு திமிறுவதில்லை. காலை நீட்டிக்கொடுத்து அசையாமல் இருக்கிறது. கணைப் பகுதியில் காயம் என்றாலோ துண்டிப்பதே இல்லை. நீண்ட நேரம் நக்குவதோடு சரி. தொடைக் காயத்தில் கவனிப்பு இல்லாமல் பிழைத்தவை 100க்கு 40க்கும் குறைவு. கால் எடுத்தபின் பிழைத்தவை 90க்கு மேல். கணைக் காயத்தில் கவனிப்பின்றிப் பிழைத்தவை 15; நக்கிச் சுத்தம் செய்தபின் 75.

இந்த வேறுபாடு ஏன்? தண்ணீர் பாய்ச்சுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எறும்பின் தொடையில் உள்ள தசைகளே அங்கு இரத்தநீரைத் தள்ளும் இறைவைப்பொறி. தொடை வெட்டுப்பட்டால் பொறி பழுதாகிறது; ஓட்டம் மந்தப்படுகிறது; கிருமியும் மெதுவாகவே உடலை நோக்கிச் செல்கிறது. ஆகவே 40 நிமிஷம் செலவிட்டு மடையை அடைக்க அவகாசம் உண்டு. கணையில் அத்தகைய தசைகள் குறைவு. அங்கே வெட்டுப்பட்டால் தொடைப் பொறி பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கிருமி விரைந்து உடலுக்குள் போய்விடும். 40 நிமிஷம் கழித்துக் காலை எடுப்பது, தண்ணீர் வடிந்தபின் மடையை அடைப்பது போலத்தான். விஞ்ஞானிகள் தாமே கணைக் காயமுற்ற எறும்பின் காலை அந்த அவகாசத்துக்குப் பின் எடுத்துப் பார்த்தபோதும் பயன் விளையவில்லை.

இதை எறும்பின் அன்பு என்றோ அறிவு என்றோ பாராட்டிப் பேசுவதில் எமக்கு உடன்பாடு இல்லை. எறும்பு எங்கும் சென்று வைத்தியம் கற்கவில்லை. பிறவியிலேயே அமைந்த செயல் அது. ஐந்து கால்களை இழந்து வேட்டைக்களத்தில் கிடக்கும் மடபெலே எறும்பை எதுவும் தூக்கி வருவதில்லை என்பதையும் அதே ஆராய்ச்சி சொல்கிறது. ஆனால் அவற்றின் சிகிச்சையில் ஒரு வரிசை முறை தவறுவதே இல்லை. முதலில் சுத்தம், பிறகுதான் மற்றது. மனிதன் இந்த வரிசையைக் கண்டுபிடிக்க 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிற்று. அதற்கு அவன் கொடுத்த விலையும் பெரிது.

வேறு பிராணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் சுமத்ரா தீவில் முகத்தில் புண்பட்ட ஓர் ஆண் ஒராங்குட்டான், கொடி ஒன்றின் இலையை மென்று சாற்றையும் விழுதையும் புண்ணில் அப்பிக்கொண்டதை விஞ்ஞானிகள் கண்டனர். ஐந்து நாட்களில் புண் மூடிவிட்டது. அக்கொடி நம் சீந்தில் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதைப் படித்தவுடன் ஆபரேஷன் தையல்மீது பச்சிலை வைக்க எவரும் புறப்பட வேண்டாம். நாய் புண்ணை நக்கினால் ஆறும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. நாயின் உமிழ்நீர் சில கிருமிகளைக் கொல்வது 1990இல் கலிபோர்னியாவில் நிரூபிக்கப்பட்டது உண்மையே. ஆனால் சீழ்ப் புண்ணில் மிகுதியாகக் காணப்படும் கிருமிகளிடம் அது அதிகம் பலிக்கவில்லை. அதற்கு மேலாக, அதே உமிழ்நீரில்தான் வெறிநாய்க்கடி நோயின் விஷம் இருக்கிறது. புண் உள்ள இடத்தை நாய் நக்கினால் அது கடித்ததற்குச் சமம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எறும்புக்குப் பொருந்துவது நாய்க்கும் நமக்கும் பொருந்திவிடாது.

வியன்னாவில் ஒரு வாளி சுண்ணநீர்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவின் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் வைத்திய மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் வார்டில் மருத்துவச்சிகள் பயின்றனர். 1846இல் முதல் வார்டில் பிரசவித்த தாய்மார்களில் 100க்கு 11 பேருக்குச் சற்று மேல் பிரசவ ஜுரத்தால் இறந்தனர். இரண்டாம் வார்டில் மூவருக்கும் குறைவு. இது ஊரெங்கும் தெரிந்த செய்தி. முதல் வார்டில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தெருவிலேயே பிரசவித்தவர்கள்கூட முதல் வார்டில் இருந்தவர்களைவிட அதிகமாகப் பிழைத்தார்கள்!

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டருக்கு இது உறக்கத்தைக் கெடுத்தது. காற்று, உணவு, படுக்கை, கூட்டம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான மற்றொரு டாக்டர், பிரேதப் பரிசோதனையின்போது மாணவன் ஒருவன் கத்தி விரலில் பட்டு, அக்காயத்தால் ஜுரம் கண்டு இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட சின்னங்கள் பிரசவ ஜுரத்தில் இறந்த தாய்மார்களிடம் காணப்பட்டவையாகவே இருந்தன. காரணம் விளங்கிவிட்டது. மாணவர்கள் பிரேதத்தை அறுத்துவிட்டு நேரே பிரசவ வார்டுக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிரேத அறையில் வேலை இல்லை. சாவைச் சுமந்து வந்தவை டாக்டர்களின் கைகளே.

அவ்வாண்டு மே மாத நடுவில், வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் சேர்ந்த சுண்ணநீரில் கை கழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் உத்தரவிட்டார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் இரண்டாகக் குறைந்தது. 1848 முழுவதும் கணக்கிட்டால் 100க்கு ஒன்றுக்குச் சற்று மேல். அவர் வாசலில் வைத்த பொருள் ஏதோ அரிய மருந்து என்று எண்ண வேண்டாம். நம் மேல்நிலைத் தொட்டிகளில் இயக்குபவர் கலக்கும் பிளீச்சிங் பவுடர்தான் அது. நம்முடைய ஒவ்வொரு ஊராட்சியின் இருப்புப் பதிவேட்டிலும் உள்ள சரக்கு.

இவ்வளவு கண்கூடான பலனைக் கண்டும் மூத்த டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தங்கள் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நம்ப அவர்களால் இயலவில்லை. அந்த ஏதோ ஒன்று என்ன என்று செம்மல்வைஸாலும் சொல்ல இயலவில்லை. கனவான்களின் கை அசுத்தமாயிருக்குமா என்ற கௌரவமும் குறுக்கே நின்றது என்பது எம் எண்ணம். 1849இல் அவர் வேலை புதுப்பிக்கப்படவில்லை. 1865இல் மனநோய் விடுதி ஒன்றில், காயத்தில் கிருமி பற்றி, 47 வயதில் இறந்தார்.

அவர் இறந்தது அவ்வாண்டு ஆகஸ்டு 13. அதற்கு முதல் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து வெளியே தெரிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் இத்தகைய முறிவு என்றால் காலை எடுப்பார்கள். எடுத்தும் பலர் சீழ் வைத்து இறப்பார்கள். இரத்தமும் சீழும் உலர்ந்து விறைத்த கோட்டை அனுபவத்தின் அடையாளமாகக் கருதி டாக்டர்கள் அணிந்துகொண்டிருந்த காலம் அது. ஜோசப் லிஸ்டர் என்ற ரணவைத்தியர், பிரான்ஸ் நாட்டின் பாஸ்டர் கிருமிகளைப் பற்றி எழுதியதைப் படித்திருந்தார். இங்கிலாந்தில் கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நீரின் நாற்றம் போகக் கார்பாலிக் அமிலம் கலந்தார்கள் என்பதும், அந்நீர் பாய்ந்த மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்த மாடுகளுக்குப் புழுத் தொல்லை நீங்கியது என்பதும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மாடு மேய்ந்த நிலத்திலிருந்து ரணவைத்தியத்துக்கு வந்த யோசனை இது! சிறுவனின் காயத்தை அதே அமிலம் தோய்த்த துணியால் கட்டினார். சீழ் வைக்கவில்லை. ஆறு வாரத்தில் இரண்டு காலோடும் சிறுவன் வீட்டுக்குப் போனான். இம்முறைக்கு முன் லிஸ்டரின் வார்டில் கால் கை எடுத்த 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். இதற்குப்பின் 40 பேரில் ஆறு பேர்.

பெரியவர் கேட்ட கேள்வி

அப்படியானால் இன்றும் ஏன் சீழ் பிடிக்கிறது? ஆவியில் வேக வைத்த கருவிகளும், உறைகளும், மருந்துகளும் வந்தபின்னும் தொல்லை ஒழியவில்லை என்பது மெய். உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒவ்வொரு 100 பேரிலும் செல்வ நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் வந்த நோயன்றி ஆஸ்பத்திரியிலேயே புதிதாக ஒரு கிருமி நோய் தொற்றுகிறது. பல நோயாளிகள் ஒரே கூரையின் கீழ். ஒரே நர்ஸ் அம்மையார் முப்பது கட்டில்களுக்கு. மருந்துகளை எதிர்த்துப் பழகிப்போன கிருமிகள். இவை யாவும் காரணங்களே. ஆயினும் மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல எமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தகப்பனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ஊரிலிருந்து பங்காளிகளும் மாமன் வீட்டாருமாகப் பதினோரு பேர் வந்தார்கள். கட்டிலின் இருபுறமும் அமர்ந்தார்கள். "எவ்வளவு கிழித்திருக்கிறார்கள், பார்க்கலாமா?" என்று சிறிய தகப்பனார் கேட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு, பட்டப் படிப்புப் படித்த நாமே, பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிக் காண்பித்தோம். பார்த்தவர்கள் தையலை எண்ணினார்கள். மறுபடி ஒட்டிவிட்டோம். ஐந்தாம் நாள் ஜுரம் கண்டது. தையலைச் சுற்றிச் சிவந்தது. ஏழாம் நாள் சீழ். தையலைப் பிரித்து, புண்ணைத் திறந்த வாயாகவே விட்டு, தினமும் துணி மாற்றி ஆற்ற வேண்டியதாயிற்று. ஐந்து நாளில் வீடு திரும்ப வேண்டியவர் மாதம் ஒன்று படுத்தார். அந்த ஆண்டு நடவைக் கூலிக்கு விட்டு, பட்டம் தவறி நட்டு, பாதி விளைச்சலை எடுத்தோம். கிருமி எந்தக் கையால் சென்றது என்று எவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால், "இந்தக் கட்டை யார் பிரித்தது?" என்று நர்ஸ் அம்மையார் கேட்டபோது நாம் வாய் திறக்கவில்லை. தகப்பனார் எம்மை ஒரு முறை பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே, ஆபரேஷனுக்குச் செல்பவரும் உடன் செல்பவரும் அறிய வேண்டியவற்றை எழுதும் தகுதி எமக்கு அந்த வகையில் உண்டு.

முதல் நாளே நாவிதரை அழைத்து ஆபரேஷன் செய்யும் இடத்தைச் சவரம் செய்துகொண்டு போவது பல ஊர்களில் வழக்கம். இது கூடாது. சவரக் கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். அவற்றில் கிருமி குடியேறும். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட விதிகளின்படி முடியை நீக்காமலே விடுவது நல்லது. அவசியமானால் ஆஸ்பத்திரியிலேயே கத்தரிக்கும் கருவியால் நீக்குவார்கள். சோப்பிட்டுக் குளித்துவிட்டுச் செல்வது போதும். சர்க்கரை வியாதி இருப்பதை மறைக்க வேண்டாம். சர்க்கரை கட்டுக்கு அடங்காதவர் புண் எளிதில் ஆறாது. புகைப்பவர் சில வாரங்கள் முன்பே நிறுத்தினால் நல்லது.

பார்க்கப் போகிறவர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது. சளியும் ஜுரமும் உள்ளவர்கள் போகவே வேண்டாம். பார்க்க வரவில்லையே என்று யாரும் குறை சொல்லாதிருக்க வேண்டும். (இந்தக் குறைக்கு அஞ்சியே பாதிக் கூட்டம் போகிறது என்பது எம் அனுபவம்.) நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டு 40 முதல் 60 விநாடி வரை, விரல் இடுக்கும் நகக்கண்ணும் தேயும்படி கை கழுவ வேண்டும். வார்டு வாசலில் கைமருந்து வைத்திருந்தால் அதைக் கை உலரும் வரை தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கட்டையும், சிறுநீர்க் குழாயையும், கையில் ஏறும் மருந்துக் குழாயையும் தொடவே கூடாது. திருநீறோ, மஞ்சளோ, தேங்காயெண்ணெயோ தையலில் படக் கூடாது. நெற்றியில் இட்டுக்கொள்ள ஆட்சேபம் இல்லை.

"வீரியமான ஊசி போடுங்கள்" என்று டாக்டரை நெருக்குவது மற்றொரு தீங்கு. பல ஆபரேஷன்களில், கத்தி வைக்கும் முன் உரிய நேரத்தில் போடும் ஓர் ஊசியே போதுமானது. முடிந்தபின் நாள் கணக்கில் போடுவதால் சீழ் குறைவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தேவையில்லாத இடத்தில் மருந்தை வீணாக்கினால், பூச்சிமருந்து அடித்து அடித்துப் புழு அதற்குப் பழகிப்போவது போலவே கிருமியும் பழகிவிடும். பருத்தி போட்ட விவசாயிகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

டாக்டரிடமோ நர்ஸிடமோ "கை கழுவினீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் மக்கள் தயங்குகிறார்கள். "அம்மா, கட்டு மாற்றத் தண்ணீர் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டால் மரியாதையும் நிற்கும், காரியமும் நடக்கும். ஆபரேஷன் அறையிலேயே இத்தகைய கேள்விகளை ஒழுங்காகக் கேட்பதற்கென 19 வினாக்கள் கொண்ட ஓர் அட்டையை உலக சுகாதார ஸ்தாபனம் 2008இல் தயாரித்தது. புது டில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதைப் பரீட்சித்ததில், ஆபரேஷனுக்குப்பின் இறப்போர் 1000க்கு 15லிருந்து 8 ஆகக் குறைந்தனர் என்று 2009இல் முடிவு வெளியாயிற்று. சரிபார்த்தால் கௌரவம் குறையாது என்பதை டாக்டர்களே இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஊராட்சி செய்யக் கூடியது

ஊராட்சி உறுப்பினர்கள் ஆபரேஷன் அறைக்குள் போக வேண்டியதில்லை. துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிரசவ அறையின் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் மாதம் ஒரு தடவை திறந்து பார்க்கலாம். எம் சுற்றுப்பயணங்களில், அழகான கை கழுவும் தொட்டியும் அதன்மேல் சுவரில் கை கழுவும் படமும் இருந்து, குழாயைத் திருப்பினால் காற்று மட்டும் வந்த இடங்கள் உண்டு. மோட்டாருக்குக் கூரை மேல் தொட்டி, தொட்டியிலிருந்து கழிவறைக்கும் பிரசவ அறைக்கும் தனித்தனிக் குழாய், கழுவிய நீர் தேங்காமல் உறிஞ்சுகுழி. இவை பெருஞ்செலவுள்ள பணிகள் அல்ல. கிராம சபையில் சாலையும் விளக்கும் பேசி முடித்தபின் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கலாம். பிளீச்சிங் பவுடர் மூட்டையை ஈரத்தில் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். மீதி வெறும் சுண்ணாம்பு. செம்மல்வைஸின் வாளியில் அதைப் போட்டாலும் பயன் இருந்திராது.

பிரசவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கொப்பூழ்க்கொடியை அறுத்த இடத்தில் சாணமோ சாம்பலோ வைத்ததால் இழுப்பு கண்டு இறந்த சிசுக்கள் ஒரு காலத்தில் எண்ணற்றவை. தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் சிசுக்களின் இழுப்பு நோய் இந்தியாவில் மிக அரிதாகி, அது ஒழிக்கப்பட்ட நிலையை எய்தியதாக 2015இல் உறுதி செய்யப்பட்டது. அக்கிருமியோ மண்ணைவிட்டுப் போகவில்லை. மண்வெட்டி பட்ட காலுக்குச் சாணம் அப்பும் வழக்கம் எங்கேனும் மிச்சம் இருந்தால் அதையும் கைவிட வேண்டும்.

கடைசியாக மாட்டுத் தொழுவத்துக்கு வருவோம். ஏனெனில் ஆஸ்பத்திரியில் நடப்பதே அங்கும் நடக்கிறது. மடிநோய் ஒரு பசுவிலிருந்து மறு பசுவுக்குப் போவது பெரும்பாலும் கறப்பவர் கையாலும், மடி துடைக்கும் ஒரே துணியாலும்தான். பிரேத அறையிலிருந்து பிரசவ வார்டுக்குப் போன கையின் கதைதான் இது. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவி உலரத் துடைக்க வேண்டும். பசுவுக்குப் பசு துணி வேறாயிருக்க வேண்டும். முதல் பீச்சுகளைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரி திரியாக வருவது தெரிந்துவிடும். கறந்தபின் காம்பைக் கால்நடை மருத்துவர் தரும் கிருமிநாசினியில் முக்கி, காம்புத் துவாரம் மூடும்வரை பசு படுக்காதபடி சற்று நேரம் தீனி போட்டு நிறுத்திவைக்க வேண்டும். நோயில்லாத பசுக்களை முதலிலும், நோயுற்றதைக் கடைசியிலும் கறக்க வேண்டும். ஊசி போட்ட பசுவின் பாலை, மருத்துவர் குறித்த நாட்கள் கழியும் வரை சங்கத்துக்கு ஊற்றக் கூடாது; கன்றுக்கும் கொடுக்காமல் குழியில் கொட்டி மண்ணிட்டு மூடிவிட வேண்டும்.